ஆளில்லாத வண்டிக்குள் குளிர்

யேசுதாஸ் கார் வாங்கியபோது எங்கள் தெருவில் யாரும் பொறாமைப்படவில்லை. எதற்காக வாங்கினான் என்று எல்லோருக்கும் தெரியும். அவன் மனைவி ஏஞ்சலுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. வாரம் மூன்று முறை புதுவாயலிலிருந்து திருவள்ளூருக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். போகும்போது பஸ்ஸில் போய்விடலாம். திரும்பி வருவதுதான் பாடு. ரத்தத்தைச் சுத்தம் செய்து முடித்ததும் பிரஷர் இறங்கிவிடும், நிற்க வைத்தால் சாய்ந்துவிடுவாள். பெரியபாளையம் பஸ் நிலையத்தில் ஒருமுறை அப்படிச் சாய்ந்து ஒரு பூக்கூடையின் மேல் விழுந்தாள். பூக்காரம்மா திட்ட வாயெடுத்து, முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் தெளித்தாள். அதன் பிறகுதான் யேசுதாஸ் வண்டி தேட ஆரம்பித்தான்.

வீடுகளில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை முறையாகப் படித்துச் செய்து வருகிறவள் நான். அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறேன். ஏஞ்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போய் வருவது என் பொறுப்பு. ஆகவே இதில் கேள்விப்பட்டது எதுவும் இல்லை, பார்த்ததுதான்.

யேசுதாஸின் அப்பா பெரியபாளையம் பக்கம் அடுத்தவர் நெல் வயலில் ஏர் ஓட்டியவர். யேசுதாஸ் வயலில் இறங்கவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் சேர்ந்து, கூரைக்கு அடியில் தண்டவாளத்தில் ஓடும் கிரேனை ஓட்டக் கற்றுக்கொண்டான். கீழே சிவக்கக் காய்ந்த இரும்பு போய்க்கொண்டிருக்கும். மேலே ஒரு கண்ணாடிக் கூண்டில் இவன் தனியாக உட்கார்ந்திருப்பான். வேலை செய்யும் நேரம் முழுக்க யாரோடும் பேச முடியாது. அதனால்தானோ என்னவோ, வீட்டிலும் அவன் அதிகம் பேசி நான் கேட்டதில்லை. மனைவி படுத்ததும் வேலையை விட்டுவிட்டான். சமைப்பான், துவைப்பான், ஏஞ்சலுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் கொடுக்கலாமோ அதை அளந்து பாட்டிலில் ஊற்றி வைப்பான். இத்தனை வருஷத் தொழிலில் நான் பார்த்த ஆண்களில் பாதிப் பேருக்கு நோயாளிக்குப் போர்வை போர்த்தக்கூடத் தெரியாது. இவனுக்குத் தெரியும்.

அந்த மில்லில் ஒரு வழக்கம் உண்டு. கிரேன் கூண்டுக்குள் அதை முன்பு ஓட்டியவரின் பெயர் பெயிண்டில் எழுதியிருக்கும். புதிதாக வருகிறவன் அதற்குக் கீழே தன் பெயரை எழுதிக்கொள்ளலாம். மேலே இருப்பதை அழிக்கக் கூடாது. அழித்தால் வண்டியின் ராசி போய்விடும், கொக்கி கழன்று கீழே நிற்பவன் தலையில் இறங்கும் என்பார்கள். இந்துக்காரர், வேதக்காரர் என்று வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் நம்பினார்கள். யேசுதாஸும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போய்க்கொண்டே இதையும் நம்பினான்.

அவன் வாங்கிய கார் பழையது. பேட்டரியில் ஓடுவது. புதுவாயல் கூட்டு ரோட்டில் வண்டி புரோக்கர் ஆதிநாராயணன் கொண்டுவந்து நிறுத்தினார். "ராசியான வண்டி, நைனா. செவ்வாப்பேட்டைல பெரிய கை. பொண்ணுக்கு வாங்கிக் குட்த்தாரு. அது கல்யாணம் ஆயி ஃபாரின் போய்ச்சு. ஒரு கீறல் கீதா பாரு" என்றார். கீறல் இல்லை. பின் கண்ணாடியில் 'பூமிகா' என்று வெள்ளை எழுத்து ஒட்டியிருந்தது. ஸ்டார்ட் செய்தால் ஸ்டியரிங் பக்கத்துத் திரையில் 'ஹலோ பூமிகா' என்று வந்தது.

"உன் பொண்டாட்டி பேரு கூட தெரில இதுக்கு" என்றாள் ஏஞ்சல்.

"இருந்துட்டுப் போட்டும். ராசி" என்றான் யேசுதாஸ்.

கும்மிடிப்பூண்டி பைபாஸ் பக்கம் இருக்கிற சர்வீஸ் சென்டரில், பழைய ஓனரின் கணக்கை அழித்துவிட்டு உங்கள் பெயரில் போட்டுத் தரட்டுமா என்று கேட்டார்கள். அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அந்தக் கூண்டுப் பழக்கம்தான். வேறு யாராக இருந்தாலும் சரி என்றிருப்பார்கள்.

முதல் சில மாதங்கள் குளிர்காலம், ஒன்றும் தெரியவில்லை. வெயில் ஏற ஏற வண்டி ஏதோ செய்ய ஆரம்பித்தது.

ஆஸ்பத்திரியில் ஏஞ்சலை மெஷினில் போட்டால் நாலு மணி நேரம் ஆகும். நான் கட்டில் பக்கத்தில் இருப்பேன். யேசுதாஸ் மருந்து வாங்க, ரத்தப் பரிசோதனைச் சீட்டு வாங்க அலைவான். ஒருநாள் உச்சி வேளையில் நான் டீ குடிக்கக் கீழே இறங்கினேன். வண்டி நிறுத்தும் இடத்தில் வாட்ச்மேன் கோபால் என்னைக் கூப்பிட்டார்.

"ஞானம்மாக்கா, வண்டில யார உட்டுட்டுப் போனீங்க?"

"யாரையும் உடல. ஏன்?"

"ஏசி ஓடிகினு கீதே."

போய்ப் பார்த்தேன். வரிசையில் நின்ற மற்ற வண்டிகள் தொட்டால் சுடும். இந்த வண்டியின் கண்ணாடியில் வெளிப்பக்கம் பனி பிடித்திருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. எங்கோ உள்ளே விசிறி சுற்றும் சத்தம். வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டிக் குட்டையாகத் தேங்கியிருந்தது. அதில் ஒரு தெருநாய் வயிற்றை வைத்துப் படுத்திருந்தது. நான் புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு முகத்தை ஒட்டிப் பார்த்தேன். முன் சீட்டு காலி. பின் சீட்டும் காலி. கதவு பூட்டியிருந்தது. நெற்றி பட்ட இடம் ஜில்லென்றிருந்தது.

பயந்தேன் என்று சொல்லமாட்டேன். செத்தவர்களைக் குளிப்பாட்டியிருக்கிறேன், அவர்களோடு ஒரே அறையில் விடியும்வரை இருந்திருக்கிறேன். அவர்கள் ஒன்றும் செய்வதில்லை. ஆனால் பூட்டிய காலி வண்டிக்குள் யாருக்காகவோ குளிர் ஓடிக்கொண்டிருப்பது வேறு மாதிரி இருந்தது. டீ குடிக்காமல் மேலே போய்விட்டேன்.

யேசுதாஸிடம் கேட்டபோது, "நான் அணைச்சிட்டுத்தான்கா வந்தேன். சாவி என் பாக்கெட்ல கீது பார்" என்றான். அன்றைக்கு வண்டியை எடுத்தபோது சார்ஜ் வந்ததைவிட நன்றாக இறங்கியிருந்தது. எப்படியோ ஊர் வந்து சேர்ந்தோம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் நடந்தது. வீட்டு வாசலில் நிறுத்தினாலும் நடந்தது. ஏசி இல்லாத வேளையில்கூட வண்டி சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் நின்றால் பானெட்டுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். கொஞ்ச நேரம் ஏதோ ஒன்று முனகும், அடங்கும். தூங்குகிறவர் தோளை யாரோ தொட்டதும் புரண்டு படுப்பதைப் போல. மறுபடியும் அமைதி. மறுபடியும் டிக். எதிர் வீட்டு முத்தம்மாள் அந்தப் பக்கம் தண்ணீர் பிடிக்கப் போவதை நிறுத்திவிட்டாள். "அந்தப் பேர்க்காரி உள்ள குந்திகினு கீறா. அதான் உச்சில வேர்க்குது அவளுக்கு" என்றாள்.

யேசுதாஸ் இரண்டு மார்க்கத்திலும் பரிகாரம் தேடினான். பாஸ்டர் வந்து பானெட்டின் மேல் கை வைத்து ஜெபித்தார். முத்தம்மாள் கட்டிய எலுமிச்சம்பழமும் மிளகாயும் அவர் முழங்காலுக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தன. நல்ல மனிதர், கண்ணை மூடிக்கொண்டார்.

பங்குனி வெயிலில் ஒருநாள் அது நடந்தது. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போதே சார்ஜ் பாதிக்கும் கீழே. யேசுதாஸ் ஏசி போடாமல் கண்ணாடிகளை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டினான். பெரியபாளையம் வருவதற்கு முன்னாலேயே திரையில் சிவப்பு விளக்கு வந்தது. வண்டி ஆமை மாதிரி நகர்ந்து ஒரு ரைஸ் மில் வாசலில் நின்றுவிட்டது. ஏஞ்சலுக்கு உதடு வெளுத்துவிட்டது. கையில் ஊசி எடுத்த இடத்தில் கட்டு நனைந்து சிவந்தது. பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, காலை உயர்த்தி நெல் மூட்டைமேல் வைக்கச் சொன்னேன். மில்காரர் ஒரு பிளக் கொடுத்தார். அதில் சார்ஜ் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறியது. உமித் தூசிக்குள் சாயங்காலம்வரை அவளைப் படுக்க வைத்திருந்தோம். ரத்தம் நிற்காமல் போயிருந்தால் நான் செய்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

யேசுதாஸ் வண்டியைப் பார்த்தபடி நின்றிருந்தான். எனக்குக் கோபம் வந்தது.

"இன்னொரு தபா இப்டி நின்னா இவ பொழைக்க மாட்டா. நாளைக்கே போய்க் காட்டு."

"சரிக்கா" என்றான்.

சர்வீஸ் சென்டரில் அருணா என்ற பெண் வண்டியைப் பார்த்தாள். சின்ன வயசு, கெட்டிக்காரி. மடிக்கணினியைச் சொருகி ரொம்ப நேரம் படித்தாள். ஏஞ்சலும் நானும் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தோம்.

"வண்டில ஃபால்ட் எதுவும் இல்லண்ணா. வெளிலேர்ந்து யாரோ எழுப்பிக்கினே கீறாங்க" என்றாள்.

"யாரு?"

"வண்டி கம்பெனி இல்ல. வேற ஏதோ சர்வீஸ். நம்ம கணக்க அவங்க கிட்ட குட்த்தா, அவங்க கம்ப்யூட்டர் வண்டிய கேட்டுக்கினே இருக்கும். எங்க கீற, எவ்ளோ சார்ஜ் கீது, உள்ள எவ்ளோ சூடு. எல்லாத்தையும் படம் போட்டு போன்ல காட்டும். நிறுத்துனா வண்டி தூங்கணும்ண்ணா. ஒவ்வொரு தபா கேக்கும்போதும் முழிச்சிக்கினு பதில் சொல்லுது. அதுல பேட்டரி எறங்குது."

"ஆஸ்பத்திரில படுத்திருந்தப்ப, தூங்குறியான்னு கேக்கறதுக்கே தட்டி எழுப்புவாங்களே நர்சம்மாங்க. அந்த மாரியா?" என்றாள் ஏஞ்சல்.

அருணா சிரித்துவிட்டாள். "அதே தான்க்கா." பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "கேக்கறது மட்டும் இல்ல. ஏசி போடுன்னு ஆர்டரும் வருது. உள்ள சூடு ஏறும்போதெல்லாம் கரெக்டா வருது. யாரோ அப்டி ஒரு ரூல் போட்டு வெச்சிருக்காங்க. காலி வண்டிக்கு எதுக்குன்னு தெரில."

"நிறுத்த முடியுமா?" என்று நான் கேட்டேன்.

"ஈசி. பழைய ஓனர் கணக்க அழிச்சா எல்லாம் போய்டும். வாங்கனப்பவே கேட்டேன், அண்ணன் வோணாம்னு சொல்லிட்டாரு."

நாங்கள் இருவரும் யேசுதாஸைப் பார்த்தோம். அவன் தரையைப் பார்த்தான்.

"வண்டி வந்ததுலேர்ந்து இவ ஒரு நாள் கூட அட்மிட் ஆவலக்கா. ரத்தம் ஏறிக் கீது. அதுக்கு முன்னாடி மாசம் ஒரு தபா படுப்பா. அந்தப் பொண்ணோட ராசி. அழிக்க மாட்டேன்."

"அண்ணா, பேரு வேற, கணக்கு வேற" என்றாள் அருணா.

"எனக்கு ரெண்டும் ஒண்ணு தாம்மா. அந்த ஊட்டுக்காரங்கள பாத்து, அவங்க பக்கம் நிறுத்தச் சொல்றேன்."

ஏஞ்சல் அட்மிட் ஆகாததற்குக் காரணம் நேரத்துக்கு டயாலிசிஸ் போனது, தண்ணீரை அளந்து குடித்தது. அதை நான் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான், ஆனால் ஏற்றுக்கொள்ளவில்லை.

ஆர்.சி. புத்தகத்தில் முந்தைய ஓனர் பெயர் துளசிராமன், ஊர் செவ்வாப்பேட்டை. டயாலிசிஸ் இல்லாத ஒரு நாளில் கிளம்பினோம். ஏஞ்சலை வீட்டில் இருக்கச் சொன்னேன்.

"தனியா இன்னா பண்றது? அந்த ராசிக்காரி ஊட்ட நானும் பாக்கறேன்" என்று ஏறி முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

செவ்வாப்பேட்டை ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் பெரிய வீடு. நில புலன் உள்ள குடும்பம் என்று காம்பவுண்டைப் பார்த்தாலே தெரிந்தது. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. பக்கவாட்டில் கார் ஷெட் காலியாக இருந்தது, ஆனால் சுவரில் சார்ஜர் பெட்டி பச்சை விளக்கோடு எரிந்துகொண்டிருந்தது. கீழே ஒரு இலை தூசி இல்லாமல் பெருக்கியிருந்தது.

வெள்ளை வேட்டியில் வயதான ஒருவர் கேட்டுக்கு வந்தார். எங்களை அவர் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்தார். முன் சீட்டைப் பார்த்தார். ஏஞ்சல் அலுப்பில் சீட்டைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள்.

அவர் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "யாரு உள்ள? எழுப்பு. எழுப்புப்பா அந்தப் பொம்பளைய!"

யேசுதாஸ் பதறிப் போய்க் கதவைத் திறந்தான். ஏஞ்சல் கண்ணைத் திறந்து, "இன்னா ஆச்சு?" என்றாள். அவள் குரலைக் கேட்ட பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

"மன்னிச்சிடுங்கம்மா" என்றார். "இறங்கி உள்ள வாங்க."

"படி ஏற முடியாது சார். இங்கியே இருக்கேன்" என்றாள் ஏஞ்சல்.

நான் வராந்தாவில் அவர் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தேன். யேசுதாஸுக்கும் ஒன்று போட்டார். அவன் உட்காரவில்லை, செருப்பைக் கழற்றிவிட்டுப் படிக்குக் கீழே நின்றான். அவன் அப்பா இப்படிப்பட்ட வீடுகளின் படிக்குக் கீழேதான் நின்றிருப்பார். வந்த காரியத்தைச் சொன்னான். வண்டியை யாரோ கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஏசி தானாக ஓடுகிறது, நீங்கள் நிறுத்தினால் போதும், பாப்பாவின் பேரை நான் அழிக்கவில்லை, ஃபாரினில் நன்றாக இருக்கட்டும் என்றான்.

"ஃபாரினா?" என்றார் துளசிராமன். "யார் சொன்னா?"

பிறகு அவரே சொன்னார். பூமிகா அவருக்கு ஒரே மகள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. நெடுஞ்சாலையில் லாரிகள் நடுவே தனியாக ஓட்டிப் போகிறாளே என்று, கார் கம்பெனியின் ஆப் போதாமல், வண்டியை எந்நேரமும் கவனித்துச் சொல்லும் ஒரு சர்வீஸை அவர்தான் தேடிப் பிடித்துச் சேர்த்தார். அவளும் சரிப்பா என்றாள். ஒருநாள் மதியம் அவளுக்குத் தலைவலி. சாப்பாட்டு நேரத்தில் வந்து வண்டியில் சீட்டைச் சாய்த்துப் படுத்திருக்கிறாள். வீட்டுக்கு வரச் சார்ஜ் வேண்டுமே என்று ஏசியை அணைத்திருந்தாள் போல. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. சாயங்காலம்தான் பார்த்தார்கள்.

"அன்னைக்கு முழுக்க நான் போனைப் பார்த்துட்டுதாம்மா இருந்தேன். வண்டி அவ வேலை செய்யற எடத்துல நிக்குது, பூட்டி இருக்கு, சார்ஜ் இருக்கு. உள்ள சூடு எவ்வளவுன்னுகூடக் காட்டிச்சு. வண்டி நல்லா இருக்கே, பொண்ணு வேலையில இருக்கான்னு நெனச்சேன்."

"ரத்தக்குழாய் வெடிச்சா சூடும் குளிரும் ஒண்ணும் பண்ணாது சார். பக்கத்துல ஆளு இருந்திருந்தாலும் கஷ்டம்" என்றேன். உண்மை அதுதான்.

"டாக்டரும் அப்படித்தான் சொன்னார்" என்றார். அவர் நம்பவில்லை என்று தெரிந்தது. "அப்புறம் வண்டி ஷெட்டிலேயே நின்னுச்சு. உள்ள சூடு ஏறுதுன்னு போன்ல வரும். தாங்க முடியல. சூடு ஏறினா ஏசி தானா ஓடட்டும்னு போட்டு வெச்சேன். அதைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பேன். வீட்டுல எல்லாரும் பயந்துபோய் வண்டியை வித்துட்டாங்க. அந்த ஆப் எல்லாம் அப்பவே போன்லேர்ந்து எடுத்துட்டேன். இந்தாங்க, பாருங்க."

போனை என்னிடம் நீட்டினார். தேதி காட்டும் ஆப், பஞ்சாங்கம், குடும்பப் படம். வேறெதுவும் இல்லை.

அப்போதுதான் எனக்கு முதுகில் ஏதோ ஊர்ந்தது. யாராவது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துத்தான் இத்தனை தூரம் வந்தோம். இவர் பார்க்கவில்லை. அவள் இல்லை. கேட்கிறவர் யாருமே இல்லாமல் கேள்வி மட்டும் இத்தனை மாதமாக வந்துகொண்டிருந்தது. வண்டியும் ஒவ்வொரு முறையும் கண் விழித்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

"இன்னும் ஓடுதா?" என்று துளசிராமன் கேட்டார். குரல் மாறியிருந்தது. "நிஜமாவா?"

போனை வாங்கி நெட்டில் அந்த சர்வீஸின் பக்கத்தைத் திறந்தார். கடவுச்சொல் மறக்கவில்லை. திரையில் படம் விரிந்தது. அதைப் பார்க்கப் படியேறி வந்த யேசுதாஸ் நாற்காலி முனையைப் பிடித்துக்கொண்டான். எங்கள் தெரு அதில் இருந்தது. ஆஸ்பத்திரி வரிசை இருந்தது. சாயங்காலம்வரை நாங்கள் கிடந்த ரைஸ் மில்கூட ஒரு புள்ளியாக இருந்தது. ஏஞ்சல் எங்கே போனாள், எவ்வளவு நேரம் இருந்தாள், எப்போது திரும்பினாள் என்பதெல்லாம் கோடு போட்டு வைத்திருந்தது. யாரும் பார்க்காத ஒரு இடத்தில் எங்கள் நாட்கள் எல்லாம் அடுக்கியிருந்தன.

"இங்க நிக்குது பாருங்க, நம்ம கேட்ல" என்றார் அவர். "உள்ள சூடு ஏறுது."

வெயிலுக்கு ஏஞ்சல் கதவைச் சாத்தியிருந்தாள். அவர் சொல்லி வாய் மூடவில்லை, கேட்டுக்கு வெளியே 'டிக்' என்றது. விசிறி சுற்ற ஆரம்பித்தது.

"பார்த்தீங்களா? அவளுக்கு வேர்க்குதுன்னு தெரிஞ்சுடுச்சு" என்று சிரித்தார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. "இது இப்படியே இருக்கட்டும். நான் யாருக்கும் தொந்தரவு தரமாட்டேன். பார்த்துக்கிட்டு மட்டும் இருக்கேன்."

யேசுதாஸ் வெறுங்காலோடு ஓடிப்போய்க் கார்க் கதவைத் திறந்தான்.

"ஏஞ்சலு, எறங்கு. வண்டி நமக்கு வோணாம். இங்கியே உட்டுட்டுப் போலாம்."

"இன்னாய்யா ஆச்சு?"

"அந்தப் பொண்ணு செத்துப் போய்ச்சு. இந்த சீட்லதான். நீ குந்திகினு கீறியே, இதுல. இத்தப் போய் ராசி ராசின்னு…" கதவை அகலமாகத் திறந்து பிடித்தான். "எறங்கு. ட்ரெயின்ல போலாம்."

நான் எழுந்து போனேன். மறுநாள் டயாலிசிஸ். வண்டியை விட்டால் மறுபடி பஸ், மறுபடி பெரியபாளையம். அந்த உடம்பு எத்தனை முறை கீழே விழுந்து எழும்? சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஏஞ்சல் முந்திக்கொண்டாள்.

அவள் இறங்கவில்லை. தான் உட்கார்ந்திருந்த சீட்டைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"நான் வாரத்துக்கு மூணு தபா படுக்கற கட்டில்ல எத்தினி பேரு செத்திருப்பாங்க தெரியுமா? போன வாரம் பக்கத்துக் கட்டில் கெழவர் போனாரு. அரை மணி நேரத்துல துணி மாத்திட்டு அடுத்த ஆளப் போட்டாங்க. நான் பாத்துகினுதான் இருந்தேன். செத்த எடம்லாம் வோணாம்னா நான் எங்கய்யா போய்ப் படுக்கறது?"

யேசுதாஸ் கதவைப் பிடித்தபடி நின்றான்.

துளசிராமன் கேட்டருகே வந்திருந்தார், கையில் போன். ஏஞ்சல் அவர் பக்கம் திரும்பினாள்.

"சார், உங்க பொண்ணுக்கு வேர்க்கக் கூடாதுன்னு போட்டீங்க. தப்பு சொல்லல. ஆனா அது தெனம் என் சார்ஜ குடிச்சிட்டுப் போய்டுது. அன்னிக்கு பாதி ரோட்டுல நின்னு கையெல்லாம் ரத்தம். நான் உசுரோட கீறேன் சார். இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்னு பாக்கறேன்."

அவர் போனைப் பார்த்தார். ஸ்டேஷனில் ஒரு ட்ரெயின் வந்து நின்று போனது. ஏசி ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் போனை என்னிடம் கொடுத்தார்.

"நீங்க பண்ணுங்கம்மா. எனக்குக் கை வராது."

எனக்கு அதற்கு வழி தெரியாது. அருணாவுக்குப் போன் போட்டேன். முதலில் ஏசியை நிறுத்துங்கள் என்றாள், நிறுத்தினேன். பிறகு அந்த சர்வீஸின் பெயருக்குக் கீழே ஒன்றைத் தட்டச் சொன்னாள். நிச்சயமாகவா என்று திரை கேட்டது. துளசிராமனைப் பார்த்தேன். அவர் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டினேன். கோடுகள், புள்ளிகள், எங்கள் தெரு எல்லாம் போய் வெள்ளையாக நின்றது.

கொஞ்ச நேரம் எல்லோரும் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றோம். டிக் வரவில்லை. அந்த அமைதியும் நன்றாக இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். மூச்சு நின்ற அறையில் அப்படித்தான் இருக்கும்.

திரும்பும் வழியில் சர்வீஸ் சென்டரில் பழைய கணக்கை முழுக்க அழித்தார்கள். பின் கண்ணாடிப் பெயரைச் சுரண்டிவிடலாமா என்று யேசுதாஸ் கேட்டான். "வோணாம், அது பாட்டுக்கு இருக்கட்டும். அந்தப் பொண்ணு என்ன இன்னா பண்ணுச்சு?" என்றாள் ஏஞ்சல்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் வண்டி மற்ற வண்டிகளைப் போலவே அடுப்பாகக் காய்ந்தது. நாய் வேறு நிழல் தேடிப் போய்விட்டது. நாலு மணி நேரத்தில் சார்ஜ் ஒரு துளி இறங்கவில்லை. ஏசி போட்டுக்கொண்டே வீடு வந்து சேர்ந்தோம். ஏஞ்சல் வழியெல்லாம் தூங்கினாள். நான் நாடியைப் பிடித்துப் பார்த்தேன், ஒழுங்காக இருந்தது.

அடுத்த வாரம் துளசிராமன் போன் செய்தார். யேசுதாஸின் நம்பரை ஆதிநாராயணனிடம் வாங்கியிருக்கிறார். உச்சி வேளை. நாங்கள் டயாலிசிஸ் வார்டில் ஏஞ்சலின் கட்டில் பக்கத்தில் இருந்தோம். யேசுதாஸ் பேசுவதை மட்டும் கேட்டேன்.

"திருவள்ளூர்ல சார். மரத்தடில நிக்குது… பாதிக்கு மேல கீது சார்… ஆமா, வெயிலு… இருங்க சார், பாத்துட்டுச் சொல்றேன்."

படியிறங்கிப் போனான். ஜன்னலிலிருந்து பார்த்தேன். வண்டியின் கதவைத் திறந்தான், குனிந்து முன் சீட்டைப் பார்த்தான், பின் சீட்டைப் பார்த்தான். உள்ளே யாரும் இல்லை என்று அவனுக்குத் தெரியும். ஏஞ்சல் மேலே என் பக்கத்தில் மெஷினில் இருக்கிறாள். தெரிந்தும் பார்த்தான். பிறகுதான் போனைக் காதில் வைத்தான்.

இப்போது அவர் நாங்கள் போகிற ஒவ்வொரு முறையும் கூப்பிடுகிறார். எடுக்காதே என்று முத்தம்மாள் சொல்கிறாள். எடு என்று நான் சொல்லியிருக்கிறேன், இதில் பேட்டரி இறங்காது. யேசுதாஸ் ஒவ்வொரு முறையும் கீழே போகிறான். கதவைத் திறந்து பார்க்காமல், உள்ளே யாரும் இல்லை என்று அவன் ஒரு நாளும் சொன்னதில்லை.